மலைநகரத்தில் விதியும் விலக்கும்

1994 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இரண்டு தளங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தும் ஏழு தளங்கள் எழுப்பியிருந்த கொடைக்கானல் பிளெசண்ட் ஸ்டே ஹோட்டலுக்கு, மலைநகரக் கட்டிட விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் ஆணை அது. பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் என்ற உள்ளூர் அமைப்பு வழக்குப் போட்டது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கை ரத்து செய்து, கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆட்சி மாறியதும் அதே ஆணை ஊழல் வழக்கானது. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றைய கலவரத்தில் தருமபுரி அருகே பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது.

இந்த வழக்கை ஓர் அரசியல் அத்தியாயமாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மலையில் கடையோ காட்டேஜோ தேயிலைத் தோட்டமோ வைத்துப் பிழைப்பவர்களுக்கு அதில் இன்னும் முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆணை தவறானது என்பது நீதிமன்றத்தில் நிலைத்தது. அதைப் பிறப்பித்தது குற்றம் என்பது நிலைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நீலகிரியிலும் பழனி மலையிலும் தொழிலும் அரசியலும் இன்றுவரை சந்தித்துக்கொள்கின்றன.

மலையில் சிறுதொழில் வளராததற்கு விதிகள் அதிகம் என்பதே காரணம் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அரசியல்வாதிகள் விதியை நடைமுறைப்படுத்தாததற்கு வியாபாரிகளின் பேராசைதான் காரணம் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களில் சிலர் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. விதியைத் தளர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் யாருக்குத் தளர்த்தினார், அதில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ என்ன பங்கு என்பதெல்லாம் வெளியே தெரிவதில்லை. சிறியவர்களின் கையைக் கட்டிப்போடுவது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விதிகள் ஏன் வந்தன

விதியே வேண்டாம் என்று மலையை அறிந்த யாரும் சொல்ல முடியாது. 1978, 1979 ஆண்டுகளின் நிலச்சரிவுகளுக்குப் பிறகுதான் நீலகிரியில் எந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடம் போட ஆரம்பித்தார்கள். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மண் சரிந்து சாலையையே அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சரிவை வெட்டி, ஓடையை மூடி, மேலே கான்கிரீட் ஏற்றினால் அடுத்த பெருமழையில் கீழே இருக்கும் லைன் வீட்டுக்காரர்தான் விலை கொடுக்கிறார். மேலே கட்டியவர் பெரும்பாலும் சமவெளியில் இருப்பார்.

அதனால்தான் 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. ஊரில் அதை ஹாக்கா என்பார்கள். 1993-ல் மலைநகரங்களுக்குத் தனிக் கட்டிட விதிகளும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் முழுமைத் திட்டங்களும் வந்தன. கட்டிடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. சிறிய குடியிருப்புக்கு, அதாவது 1,500 சதுர அடிக்குள் என்றால், உள்ளாட்சியே அனுமதி தரலாம். அதற்கு மேல் போனாலோ வணிகக் கட்டிடம் என்றாலோ கோப்பு பல மேசைகளுக்குப் போகும். நகர் ஊரமைப்பு, வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம் என்று துறைக்கு ஒரு தடையில்லாச் சான்று வேண்டும். பிறகு கட்டிடத்தின் தோற்றத்தைப் பார்க்க ஏஏஏ கமிட்டி. இதற்கு அப்பால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் என்றால், ஜென்மிகள் என்ற பழைய நிலப்பிரபுக்களின் உரிமையை ஒழித்த 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கே பட்டா இன்னும் தீராத பிரச்சினை.

ஒவ்வொரு விதிக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒருவர் தலையில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் பத்து சென்ட் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலையில் வரும்படி போதவில்லை. மேலே இரண்டு அறை போட்டு வாடகைக்கு விட்டால் பிள்ளையின் கல்லூரிச் செலவு சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். வணிகக் கட்டிடம் என்று முறையாக விண்ணப்பித்தால் அலைச்சலுக்கும் வரைபடச் செலவுக்கும் முடிவு தெரியாது. வீடு என்று சொன்னால் உள்ளாட்சி அனுமதி கிடைத்துவிடும். அதனால் வீடு என்று பிளான் போட்டு வாங்கி, கட்டி முடித்து, அப்புறம் காட்டேஜ் என்று போர்டு மாட்டுகிறார்கள். ஊரே அப்படித்தான் செய்கிறது என்பது அவர்களுக்குத் தைரியம் தருகிறது.

அந்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் யாருக்கோ கடன்பட்டதாகிவிடுகிறது. சீல் வைக்க நோட்டீஸ் வந்தால் போய் நிற்க ஒரு கவுன்சிலர் வேண்டும், ஊராட்சித் தலைவர் வேண்டும், கட்சிக்காரர் வேண்டும். அவர் பணம் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். தேர்தல் நேரத்தில் அந்த வீட்டுச் சுவர் அவர் கட்சிக்கு என்பது மட்டும் உறுதி. அந்த அரசியல்வாதியின் கணக்கு இப்படிப் போகும்: விண்ணப்பத்தை நிராகரித்தால் ஆள் நீதிமன்றம் போவார். ஒப்புதல் தந்தால் அவருக்கு நம் தயவு தேவைப்படாது. நிலுவையில் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் நம் வாசலுக்கு வருவார். ஓர் அரசியல்வாதிக்கு ஹோட்டலில் பங்கு இருந்தால்தான் சுயநலம் என்றில்லை. கோப்பு முடியாமல் கிடப்பதே அவருக்கு ஆதாயம் என்றால் அதுவும் நல முரண்தான். அவர் காக்க வேண்டிய பொது நலனும் அவருடைய சொந்த நலனும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன.

தொழில் வளர்ச்சிக்கு இது வைக்கும் முட்டுக்கட்டை கண்ணுக்குத் தெரியாதது. அனுமதியில்லாக் கட்டிடத்தின் பேரில் வங்கி அடமானக் கடன் தராது. சுற்றுலாத் துறைப் பதிவு கிடைக்காது. காப்பீடு எடுக்க முடியாது. இரண்டு அறையை நாலாக்க மாட்டார்கள்; ஆக்கினால் கண்ணில் படும். ஆள் வைத்தால் பதிவேடு வைக்க வேண்டும், அதனால் குடும்பமே வேலை செய்யும். தொழில் எந்த அளவில் தொடங்கியதோ அதே அளவில் நின்றுவிடும். பக்கத்தில் அறுபது அறை விடுதி கட்டியவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், கட்டிடக் கலைஞர் இருக்கிறார், சென்னையில் கோப்பைத் தொடர்ந்து நகர்த்த ஆள் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அவர் தடையாணை வாங்கிக்கொண்டு வருவார்.

கொடைக்கானலில் 2018-க்குப் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளால் விதிமீறல் கட்டிடங்களுக்குச் சீல் வைத்தபோது, கணக்கெடுக்கப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். ஒரு சின்ன ஊரில் இத்தனை மீறல் ஒரே இரவில் முளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் செங்கல் லாரி போயிருக்கிறது, மின் இணைப்பு கிடைத்திருக்கிறது, சொத்து வரி வசூலாகியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் எதற்கும் யாரும் சீல் வைக்கவில்லை. சீல் விழுந்தது கட்டியவர் கதவில் மட்டும்.

நீதிமன்றம் விதி எழுதும்போது

நிர்வாகம் நம்பிக்கை இழந்த இடத்தில் நீதிமன்றம் வந்து நிற்பது மலையில் வழக்கமாகிவிட்டது. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடம் இதற்குப் பெரிய உதாரணம். 2010 ஆகஸ்டில் அரசு அந்த வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018 ஆகஸ்டில் அனுமதி இல்லாமல் நடந்த விடுதிகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பை முழுவதுமாக உறுதி செய்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கம் விடுதிகள் மூடின. யானைக்கு வழி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விடுதிகள் எழும்பிய ஆண்டுகளில் கையெழுத்துப் போட்டவர்கள், கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் யாரும் எந்த விசாரணையிலும் நிற்கவில்லை. ஜீப் ஓட்டியவருக்கும் சமையலுக்குப் போன பெண்ணுக்கும்தான் வருமானம் போனது.

மலைக்கு வரும் வாகனங்கள் முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-பாஸ் இன்னொரு உதாரணம். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளில் இருபதாயிரம் வாகனங்கள் வருகின்றன என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம்தான். 2025 மார்ச்சில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்த வரம்பு கிடையாது. ஏப்ரல் 2 அன்று நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

அந்தக் கடையடைப்பில் சாக்லேட் கடைக்காரரும் இருந்தார், பெரிய விடுதிக்காரரும் இருந்தார், ரோட்டோரம் கேரட் கட்டி விற்பவரும் கடை போடவில்லை. எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள், ஆனால் எல்லாருடைய நலனும் ஒன்றல்ல. முன்பதிவு செய்து காரில் வருபவர் பெரிய விடுதிக்கு வேண்டும். சாலையோரக் கடைக்கு ஆள் வந்தால் போதும், அவர் பேருந்தில் வந்தாலும் சரி. பேருந்துக்கு வரம்பு இல்லை என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் சீசனுக்குப் பேருந்துகளை அரசு கணிசமாகக் கூட்டியிருந்தால் சின்னக் கடைகளின் வியாபாரம் பெரிதாகக் குறைந்திருக்காது. சாலை நெரிசலும் குறைந்திருக்கும். அந்தக் கோரிக்கை கூட்டத்தின் நடுவே எங்கோ அமுங்கிப்போனது. சங்கத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் கோரிக்கையும் அமைகிறது.

சிறுதொழில் என்று சட்டம் சொல்வதிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வரையறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரையிலும் முதலீடு இரண்டரைக் கோடி வரையிலும் உள்ள நிறுவனம் குறு நிறுவனம். வீட்டு அடுப்பில் சாக்லேட் காய்ச்சி விற்கும் பெண்ணும் முப்பது அறை விடுதியும் ஒரே வகையில் வந்துவிடுகிறார்கள். சிறுவணிகருக்குச் சலுகை என்று எந்த அரசு அறிவித்தாலும் அதை முதலில் எட்டிப் பிடிப்பது யாராக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேயிலையில் நடுவர் யார்

கட்டிடத்தை விட அமைதியாக, ஆனால் அதிகம் பேரைப் பாதிக்கும் இடம் பச்சைத் தேயிலை. நீலகிரியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் தேயிலை பயிரிடுகிறார்கள். 10.12 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி என்பது தேயிலை வாரியத்தின் வரையறை. ஆனால் இங்கே பெரும்பாலோரிடம் இருப்பது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். பறித்த இலையை அன்றைக்கே விற்றாக வேண்டும். மறுநாள் அது குப்பை. அதனால் பேரம் பேசும் பலம் வாங்கும் பேக்டரியிடம்தான்.

இந்தச் சமமின்மையைச் சரிசெய்யவே 2003-ன் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையில் விலைப் பகிர்வுச் சூத்திரம் வந்தது. தேயிலைத்தூள் விற்ற விலையில் 65 சதவீதம் இலை தந்தவருக்கு, 35 சதவீதம் பேக்டரிக்கு. ஏலத்தில் கிடைத்த சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் இலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொண்டு, தூள் 100 ரூபாய்க்குப் போனால், இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 காசு வரும். குன்னூர் ஏலத்தில் சராசரி நூறு ரூபாயை ஒட்டியே கிடந்த ஆண்டுகள் பல. 2023 செப்டம்பரில் படுகர் ஊர்களில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. இதே சூத்திரத்தில் அந்த விலை கிடைக்கத் தூள் 206 ரூபாய்க்கு விற்க வேண்டும். இலைக்கான செலவு என்ன என்ற கேள்வியையே இந்தச் சூத்திரம் கேட்பதில்லை. ஏலத்தில் என்ன விலை வந்ததோ அதில் பங்கு மட்டும்தான் பேசுகிறது.

இனி அரசு எங்கெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். விலையைக் கண்காணிக்கும் வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1953-ன் தேயிலைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் தோட்ட உரிமையாளர்கள், உற்பத்தியாளர்கள், வணிகர்கள், தொழிலாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் இடமுண்டு. தொழிலை வளர்ப்பதும் தொழிலைக் கட்டுப்படுத்துவதும் அதே வாரியத்தின் வேலை. மாநில அரசோ இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் மூலம் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை வழிநடத்துகிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதன் தலைமையில் இருக்கிறார். அந்தத் தூளில் ஒரு பகுதி ஊட்டி டீ என்ற பெயரில் ரேஷன் கடையில் விற்கிறது. ஆக, அரசே இலை வாங்குகிறது, அரசே தூள் விற்கிறது, அரசே மானியம் தருகிறது, அரசே விலையைக் கண்காணிக்கிறது. இலை விலை உயர வேண்டும் என்று விவசாயியாகக் கேட்கிற அதே ஆள், கூட்டுறவுப் பேக்டரியின் உறுப்பினராக அதன் நட்டத்துக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.

இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டத்தில் ஆடுகிறவரே நடுவராகவும் நின்றால், நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் தோற்றவர் நம்ப மாட்டார். கூட்டுறவுத் தொழிற்சாலையின் நிர்வாகக் குழுவில் கட்சிக்காரர்கள் போட்டியிடுவதும், அதே ஊர்களில் தனியார் பேக்டரிகள் ஏஜென்டுகள் மூலம் இலை வாங்குவதும் சேரும்போது, தரமில்லை என்று எந்த இலை கழிக்கப்படுகிறது, யாருடைய இலைக்குக் கூடுதல் விலை போடப்படுகிறது என்ற சந்தேகம் தீராமல் இருக்கிறது. மாத விலை அறிவிக்கும்போதே எந்தப் பேக்டரி என்ன விலை கொடுத்தது என்பதையும் பேர்வாரியாக ஊர் மொழியில் ஒட்டினால் பாதிச் சந்தேகம் அன்றைக்கே தீரும்.

சட்டம் எதை நல முரண் என்கிறது

மக்கள் பிரதிநிதி தன் சொந்தத் தொழிலுக்குச் சாதகமாக அதிகாரத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலாக இருக்கிறது. 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தமோ அரசு வேலையைச் செய்துதரும் ஒப்பந்தமோ நடப்பில் வைத்திருப்பவர் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. அவ்வளவுதான். சுரங்கக் குத்தகை இந்தப் பிரிவில் வராது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிவின் சொற்களைப் பார்த்தால் கட்டிட அனுமதி, விடுதி உரிமம், விதிவிலக்கு எதுவும் அதற்குள் அடங்குவதாகத் தெரியவில்லை. ரோடு போடும் கான்ட்ராக்ட் எடுத்தால் பதவி போகும். மலைச்சரிவில் விடுதி கட்ட விலக்கு வாங்கினால் பதவிக்கு ஆபத்தில்லை. மலையில் பணம் புரள்வது கான்ட்ராக்டை விட அனுமதியில்தான். சட்டம் காவல் காப்பது வேறு வாசலில்.

குடும்பத்தார் பெயரில் இருந்தால்? பினாமி சட்டம் 1988-ல் வந்து 2016-ல் கடுமையாக்கப்பட்டது. கணக்கில் உள்ள பணத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரில் வாங்கும் சொத்தை அது பினாமி என்று கருதுவதில்லை. அது நியாயமே, குடும்பச் சொத்தை எல்லாம் குற்றமாக்க முடியாது. ஆனால் கவுன்சிலரின் மனைவி பெயரில் உள்ள காட்டேஜுக்கு வரும் தீர்மானத்தில் அந்தக் கவுன்சிலரே கையைத் தூக்கினால் அந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 2018-ல் உச்ச நீதிமன்றம், வேட்பாளர்கள் தங்கள் வருமானத்தின் மூலத்தையும் துணைவர், சார்ந்திருப்போரின் வருமான மூலத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது நல்ல மாற்றம். ஆனால் அது தேர்தல் நாளின் கணக்கு. பதவிக்கு வந்த பிறகு, இந்தக் கோப்பில் எனக்குப் பங்கிருக்கிறது என்று சொல்லி எழுந்து வெளியே போகும் வழக்கத்தை அது உருவாக்கவில்லை.

அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. பதவி ஏற்பதற்கு முன் தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், நிர்வாகத்தைத் துணைவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதன் பலம் என்ன என்பது டான்சி வழக்கில் தெரிந்தது. கிண்டியில் டான்சி என்ற அரசுச் சிறுதொழில் நிறுவனத்தின் நிலத்தை, முதல்வராக இருந்த ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம் வாங்கியது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் அவருக்கு அளித்த விடுதலையை 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடத்தை விதிகளுக்குச் சட்ட பலம் இல்லை என்று சொல்லி, மனசாட்சிக்கு விட்டது. அரசு ஊழியர் வாங்கக் கூடாத சொத்தை வாங்குவது பற்றிய பழைய தண்டனைச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 203 என்ற எண்ணில் இருக்கிறது. எண் மாறியது, நடத்தை விதிகளுக்குச் சட்ட பலம் மட்டும் இன்னும் வரவில்லை.

பிளெசண்ட் ஸ்டே வழக்கையும் டான்சி வழக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டிலும் குற்றவியல் சட்டம் தேடியது நேர்மையற்ற எண்ணத்துக்கான ஆதாரத்தை. அதை நிரூபிப்பது எப்போதும் கடினம், கடினமாகத்தான் இருக்க வேண்டும். யாரையும் சந்தேகத்தின் பேரில் சிறைக்கு அனுப்பக் கூடாது. அதனால் சிறைத் தண்டனையை நம்பி நல முரணைத் தடுக்க முடியாது. முடிவெடுக்கும் நேரத்திலேயே பங்கை வெளிப்படுத்து, விலகி நில், காரணத்தை எழுதிப் பொதுவில் வை என்று சாதாரண நிர்வாக விதியாக அது இருக்க வேண்டும். மீறினால் அந்த முடிவு செல்லாது என்று ஒரு வரி இருந்தால் போதும், யாரையும் குற்றவாளி ஆக்காமலே விலக்கு விழுந்துவிடும்.

சின்னவர்களுக்கு வேறொன்றும் வேண்டும். 1,500 சதுர அடிக்குள் உள்ள வீட்டில் குடும்பமே குடியிருந்து ஒன்றிரண்டு அறையை விருந்தினருக்கு விடுவதைத் தனி வகையாக அறிவித்து, சரிவின் ஆபத்து வரைபடம் அனுமதிக்கும் இடங்களில் உள்ளாட்சியிலேயே குறித்த நாளுக்குள் பதில் தரும் முறை வந்தால், பொய் சொல்லிக் கட்டும் கட்டாயம் பலருக்கு நீங்கும். ஆபத்தான சரிவில் யாருக்கும், எவ்வளவு பெரிய ஆளுக்கும், விலக்கு கிடையாது என்பது அதோடு சேர்ந்தே வர வேண்டும். விலக்கு தரும் அதிகாரம் சட்டத்தில் இருக்கட்டும், மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அது தேவைப்படலாம். தரும் ஒவ்வொரு விலக்கும் காரணத்தோடும் பயனாளியின் பெயரோடும் வெளியாக வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாலாம் பிரிவில், சலுகை, அனுமதி, அங்கீகாரம் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நகராட்சி, ஊராட்சி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஹாக்கா எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நீலகிரி உட்படப் பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கேள்வி கேட்கத் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடும். அங்கே கேட்க வேண்டியவை எளிமையானவை: கடந்த ஓராண்டில் இந்த ஊராட்சி எத்தனை வீட்டு அனுமதி தந்தது, யாருக்குத் தந்தது, அவற்றில் எத்தனை வீடுகளின் மின் இணைப்பு பிறகு வணிகக் கட்டணத்துக்கு மாறியது, எத்தனை விண்ணப்பங்கள் எத்தனை மாதமாக யார் மேசையில் கிடக்கின்றன. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.